நஞ்சு மொழி பார்ப்பதில்லை!

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறைகளுக்கிடையே தேங்கிநிற்கும் மழைநீரே நமது ஆறு. கிணறே நமது கங்கை. குடிப்பதும் அந்நீரே, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இறைப்பதும் அந்நீரே. ஆகவே, நிலத்தின்மேற் கொட்டப்படுவது எதுவாயினும், பாறை வெடிப்புகளினூடாக இறங்கி, நாளை நம் குழந்தைகளின் குவளையை வந்தடையும்.

இவ்வுண்மையைச் சுன்னாகம் நமக்குக் கண்ணீரோடு கற்பித்தது. மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் கேட்ட கேள்வி ஒன்றே: இந்நீரைக் குடிக்கலாமா? ஓர் அறிக்கை ஒன்று சொன்னது. மற்றோர் அறிக்கை வேறொன்று சொன்னது. 2015 இல் தொடுக்கப்பட்ட வழக்கில், 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின்னுற்பத்தி செய்த தனியார் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனக் கட்டளையிட்டது. நீதி கிடைத்தது, மறுப்பாரில்லை. ஆனால் தீர்ப்பு வரும்வரை தாகம் காத்திருக்குமா?

மக்கள் வேண்டிநின்ற அறிவு எங்கேனும் பூட்டிவைக்கப்பட்டிருந்ததா? இல்லை! அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ‘பப்கெம்’ தரவுத்தளம் 2004 முதல் உலகுக்கு இலவசமாகத் திறந்திருக்கிறது. சர்வதேசத் தொழில் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து இரசாயனப் பாதுகாப்பு அட்டைகளை இணையத்தில் வைத்துள்ளன. வணிகப் பெயர் கடைக்குக் கடை மாறலாம். இரசாயனத்தின் ‘காஸ்’ பதிவெண் மாறாது. பென்சீனுக்கு 71-43-2; பராகுவாட் டைகுளோரைட்டுக்கு 1910-42-5. அவ்வெண்ணைக் கைத்தொலைபேசியில் இட்டால், உடலுக்கு அது செய்யும் கேடும், எடுக்கவேண்டிய முதலுதவியும் கண்முன்னே வரும். புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன், குடிநீர் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் தோட்டங்களிற் கொட்டும் யூரியாவினாற் பெருகும் நைத்திரேற்றுக்கு எல்லை 50 மில்லிகிராம்.

ஆனால் அக்களஞ்சியங்களின் வாயில் ஆங்கிலத்தினாலானது. இங்கேதான் நாம் அரசைக் கேட்கிறோம். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் தமிழை அரசாங்க அலுவலகத்திலிருந்து வெளியேற்றியது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்த வந்தது. முன்னதை நிறைவேற்றக் காட்டிய வேகத்தில் நூறிலொரு பங்கையேனும், பின்னதன் பயனைத் தமிழ்க் கமக்காரனுக்கு எட்டச்செய்வதிற் காட்டினீர்களா? 1987 இல் தமிழும் அரச கரும மொழியாயிற்று. அவ்வுரிமை பெயர்ப்பலகைக்கு மட்டுந்தானா? உயிர்காக்கும் எச்சரிக்கைக்கு இல்லையா?

“கமக்காரனுக்கு இவையெல்லாம் விளங்குமோ?” என்று நகைப்போர் நம்மிடையேயும் உளர். இலையின் நிறங்கண்டு நோயறிபவனுக்கு, நீரை நாவில் வைத்து உவர்ப்பறிபவனுக்கு, தன் மொழியிற் சொன்னால் விளங்காத எச்சரிக்கை எது? வைத்தியர்களே, ஆசிரியர்களே, எம் சக சட்டத்தரணிகளே! நீங்கள் கற்ற ஆங்கிலம் அயலவனின் கிணற்றடிக்கு உதவாதெனின் அது யாருக்காக?

ஒன்றை மறவற்க. நஞ்சு என்ன செய்யும் என்பதைத் தரவுத்தளம் சொல்லும். உமது கிணற்றில் அது எவ்வளவு உண்டென்பதைப் பரிசோதனையே சொல்லும். அரச நிறுவனங்கள் செய்த பரிசோதனையின் முடிவைக் கேட்பது பிச்சையன்று, உரிமை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், உயிருடன் தொடர்புற்ற தகவலுக்கு 48 மணித்தியாலத்துக்குள் பதிலளிக்கப் பணிக்கிறது. அச்சட்டத்தை ஏட்டிலேயே உறங்கவிடுவது நம் குற்றமேயாகும்.

ஆகவே நாம் கோருவன மூன்று: விற்கப்படும் ஒவ்வொரு கிருமிநாசினியின் அபாய விவரமும் கமநல சேவை நிலையந்தோறும் தமிழில் இருத்தல் வேண்டும். கிணற்றுநீர்ப் பரிசோதனை முடிவுகள் பிரதேச சபைகளின் வாயிலில் ஒட்டப்படல் வேண்டும். அரசின் இரசாயனத் தரவுகள் யாவும் இணையத்தில் தமிழிலும் வெளிவருதல் வேண்டும்.

அதுவரை கற்றோர் வாளாவிருத்தலாகாது. ஊருக்கு இருவர் முன்வருக. தரவுத்தளத்தைப் படித்து, தமிழில் எழுதி, வாசிகசாலைச் சுவரில் ஒட்டுக. நஞ்சு தமிழன், சிங்களவன் என்று பார்த்து இறங்குவதில்லை. எச்சரிக்கை மட்டும் மொழி பார்த்து வருமெனில், அதை இனியும் பொறுத்திருப்பது பேதைமை!