சொட்டு மருந்துக்கு முன்னால் கண்ணைப் பாருங்க!

தை, மாசி வந்தால் எங்கள் பாபநாசம் பக்கம் சம்பா அறுவடை. மெஷின் அறுப்பு வந்த பிறகும் தூசிக்கும் சுணைக்கும் குறைச்சல் இல்லை. "கண்ணுல நெல்லு அடிச்சிடுச்சு" என்று யாராவது வந்து நிற்பார்கள். உடனே தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு என்று ஆளுக்கொரு யோசனை. இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில், "கண் சிவந்திருக்கு" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி ஒரு சொட்டு மருந்து. கண்ணை மட்டும் யாரும் பார்ப்பதில்லை!

1994-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மூன்றே மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 284 பேர் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சைக் காளான். இதற்குப் போய் ஸ்டீராய்டு கலந்த சொட்டு விட்டால் சிவப்பு என்னமோ குறையும். உள்ளே காளான் வளரும்.

பார்ப்பது பெரிய வித்தை இல்லை, தோழிகளே. கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாசல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். நல்ல கண்ணைப் பொத்தி, காலண்டர் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். நடுவில் இருக்கும் பாப்பா வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் கருவிழி கிழிந்திருக்கலாம். அப்போது கழுவவோ அழுத்தவோ கூடாது. கண்ணில் படாதபடி ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து, அப்படியே அழைத்துப் போங்கள்.

சுண்ணாம்பு மட்டும் விதிவிலக்கு. வெற்றிலைக்குப் பேர்போன ஊர்ப்பக்கம், சுண்ணாம்பு இல்லாத வீடு ஏது? குழந்தை கண்ணில் தெறித்தால் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. அரைமணி நேரமாவது நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு ஓடுங்கள்.

டாக்டர் ஆரஞ்சு நிறத் தாளை இமைக்குள் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். கீறல் இருந்தால் பச்சையாக மின்னும். அப்படிப் பார்க்காமல் சீட்டு எழுதினால், "கீறல் இருக்கான்னு பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். இதில் என்ன கூச்சம்?

கூலிக்கு வரும் பெண்கள்தான், "ஒரு நாள் சம்பளம் போயிடுமே அக்கா" என்று தள்ளிப்போடுகிறார்கள். வயல்காரர் வீட்டுப் பெண்களே, அன்றையக் கூலியைப் பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்களேன்!

— ஒரு வாசகி, பாபநாசம், தஞ்சை மாவட்டம்.