அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் மறுபடி ஒட்டிக்கொள்ளுமா?

"சித்தி, இது ரெண்டும் மறுபடி ஒட்டுமா?"

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் கேட்டது. ஆறாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்காக ஸ்டேஷனரி கடையில் வாங்கிய உலக வரைபடத்தைக் கத்தரிக்கோலால் கண்டம் கண்டமாக வெட்டி, ஹால் முழுக்கப் பரப்பிவைத்திருந்தான். தென் அமெரிக்காவின் கிழக்கு ஓரத்தை ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தோடு வைத்துப் பார்த்தால், ஒரே சப்பாத்தியைப் பிய்த்த இரண்டு துண்டுகள் மாதிரி பொருந்தும். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். திரும்பச் சேருமா என்று சொல்லித்தரவில்லை போல.

"ஒட்டும்டா" என்றேன்.

"எப்போ?"

"25 கோடி வருஷம் கழிச்சு."

விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், இந்த 25 கோடிக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. 2023 செப்டம்பரில், டிஜிட்டல் வேலைக்கு வந்த புதிதில், இதே விஷயத்தைப் பற்றி ஒரு செய்தி போட்டேன். 'மனித இனம் அழியும் நாள் குறிக்கப்பட்டது' என்கிற ரீதியில் ஒரு தலைப்பு. நோட்டிஃபிகேஷன் பறந்தது, க்ளிக் குவிந்தது. ஆராய்ச்சியாளர்கள் சொன்னது அதுவல்ல என்பது முழுக் கட்டுரையையும் பொறுமையாகப் படித்த பிறகுதான் புரிந்தது. ஒழுங்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கண்டங்கள் நகர்கின்றன என்று முதலில் உரக்கச் சொன்னவர் ஆல்ஃப்ரெட் வெக்னர் என்ற ஜெர்மானியர். அவர் புவியியல் பேராசிரியர் இல்லை, வானிலை ஆய்வாளர். 1912-ல் அவர் இதைச் சொன்னபோது பாறைகளைப் படித்த பெரிய மனிதர்கள் பலர் கேலி செய்தார்கள். அதில் ஒரு நியாயமும் இருந்தது. இவ்வளவு பெரிய கண்டத்தை எது தள்ளுகிறது என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை. 1930 நவம்பர் 1, அவருடைய 50-வது பிறந்தநாள். அன்று கிரீன்லாந்தின் பனிப்பரப்பு நடுவே இருந்த ஆய்வு முகாமிலிருந்து கிளம்பியவர் உயிரோடு திரும்பவில்லை. கடலடியில் புதிய தரை உருவாகிக்கொண்டே இருக்கிறது, அதுதான் கண்டங்களை நகர்த்துகிறது என்பது 1960-களில் உறுதியானபோது அவர் இறந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

கண்டங்கள் எல்லாம் ஒன்றாக இருந்த அந்தப் பெருநிலத்துக்குப் பெயர் பாஞ்சியா. கிரேக்க மொழியில் 'எல்லா நிலமும்' என்று பொருள். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அது உடைய ஆரம்பித்தது. பாஞ்சியாவும் முதல் ஆள் இல்லை. அதற்கு முன் ரொடீனியா, அதற்கும் முன் கொலம்பியா. கூட்டுக்குடும்பமாக இருப்பதும், பாகம் பிரித்துக்கொண்டு போவதும், பேரன் பேத்தி காலத்தில் திரும்ப ஒன்றுசேர்வதும் பூமிக்குப் பழகிப்போன விஷயம்.

வேகம் எவ்வளவு? உங்கள் நகம் வளரும் வேகம்தான். அட்லாண்டிக் கடல் ஆண்டுக்கு சுமார் 2.5 சென்டிமீட்டர் அகலமாகிறது. 1492-ல் கொலம்பஸ் கடந்தபோது இருந்ததைவிட இப்போது 13 மீட்டர் கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் இதே 2.5 சென்டிமீட்டரை 25 கோடியால் பெருக்கிப் பாருங்கள். 6,250 கிலோமீட்டர் வருகிறது!

இது நம் போனுக்குள்ளும் வந்துவிட்ட விஷயம். ஆஸ்திரேலியா ஆண்டுக்கு சுமார் 7 சென்டிமீட்டர் வடக்கு நோக்கிப் போகிறது. அந்த நாட்டின் வரைபடங்கள் 1994-ம் ஆண்டு நிலவரப்படி போடப்பட்டிருந்தன. செயற்கைக்கோளிலிருந்து வரும் ஜி.பி.எஸ்-ஸோ இன்றைய இடத்தைக் காட்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை. 2020-ம் ஆண்டுக்கான புதிய கணக்கைக் கொண்டுவந்தபோது, வரைபடத்தில் மொத்த நாட்டையும் 1.8 மீட்டர் நகர்த்திவைக்க வேண்டியிருந்தது. ஆளில்லாமல் ஓடும் டிராக்டருக்கும் காருக்கும் 1.8 மீட்டர் என்பது பக்கத்து வரப்பு, எதிர்த் தடம்.

சரி, அட்லாண்டிக் விரிந்துகொண்டே போகிறது என்றால் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் எப்படி ஒட்டும்? விஞ்ஞானிகளே இரண்டு கட்சியாக நிற்பது இந்த இடத்தில்தான்.

ஒரு கட்சி, 'விரியும் கடலே ஒருநாள் திரும்பிச் சுருங்கும்' என்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஸ்கோட்டிஸ் வரைந்த வரைபடம் இப்படிப்பட்டது. வட, தென் அமெரிக்கா இரண்டும் கொஞ்ச காலம் விலகிப்போய், பிறகு திரும்பி வந்து ஆப்பிரிக்காவில் மோதும். அந்தப் புதுக் கண்டத்துக்கு 'பாஞ்சியா அல்டிமா' என்று பெயர் வைத்தார். அல்டிமா என்றால் கடைசி. அதற்குப் பிறகும் உடையும், சேரும் என்பதால் 'அடுத்தது' என்ற பொருளில் 'பாஞ்சியா ப்ராக்ஸிமா' என்று அவரே பிறகு மாற்றினார். ஆனாலும் பழைய பெயர்தான் நிலைத்துவிட்டது.

இன்னொரு கட்சி, 'அட்லாண்டிக் விரியட்டும், மூடப்போவது பசிபிக்' என்கிறது. இவர்கள் கணக்கில் அமெரிக்காவும் ஆசியாவும் சேர்ந்து 'அமேசியா' உருவாகும். ஆஸ்திரேலியாவில் உள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தினர் 2022-ல் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து இதைத்தான் சொன்னார்கள். வேறு சிலர், எல்லாம் வட துருவத்தைச் சுற்றிக் கூடும் என்கிறார்கள்.

ஒரு கடல் மூட வேண்டும் என்றால் அதன் தரை எங்காவது பூமிக்குள் போக வேண்டும். அதுதான் சிக்கல். கடலடித் தட்டு ஒன்று இன்னொரு தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுமத்ராவுக்குப் பக்கத்தில் நடந்தது அதுதான். இந்தியப் பெருங்கடலின் தரை அங்கே கீழே போய்க்கொண்டிருக்கிறது. பல நூறு ஆண்டுகளாக இறுகிக் கிடந்த இடம் சட்டென்று விடுபட்டதும் கடல் எழும்பி நம் கரைவரை வந்தது. என் அம்மா இன்றைக்கும் மெரினாவில் அலைக்கு ரொம்பப் பக்கத்தில் போகவிட மாட்டார்.

பசிபிக்கைச் சுற்றி இப்படிப்பட்ட இடங்கள் மாலை போட்டது போல இருக்கின்றன. ஆகவே அது ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருக்கிறது. அட்லாண்டிக்கிலோ கரீபியன் தீவுகளின் ஓரமும், தென் கோடியில் ஒரு சிறு வளைவும்தான். எனவே அது மூடாது என்று பலர் நினைத்தார்கள். 2024-ல் போர்ச்சுகலின் ஷுவாவ் துவார்த்தேயும் சகாக்களும் வேறொரு கணக்கைக் காட்டினார்கள். ஜிப்ரால்டர் ஜலசந்திக்கு அடியில் தூங்குவது போலக் கிடக்கும் இடம் ஒன்று, இன்னும் சுமார் 2 கோடி ஆண்டுகளில் மேற்கே அட்லாண்டிக்குக்குள் பரவலாம் என்கிறார்கள். ஒரு பக்கம் தையல் பிரிந்தால் போதும், மற்றது தானாகப் பிரியும்.

நம் இந்தியா? அது ஒரு தனிக்கதை. தெற்கே ஆப்பிரிக்கா, அன்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்து, பிய்த்துக்கொண்டு வடக்கே ஓடி, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியதால் எழுந்தது இமயமலை. நடுவில் இருந்த டெத்திஸ் கடல் நசுங்கிப்போனது. அதன் சாட்சி சில வீட்டுப் பூஜையறைகளிலேயே இருக்கிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமத்தில் சக்கரம் போலச் சுருள் தெரிகிறதே, அது அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் புதைபடிவம்.

இன்னும் ஒரு மோதல் பாக்கி இருக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய பிளவுப் பள்ளத்தாக்கு விரிந்துகொண்டிருக்கிறது. சோமாலியா இருக்கும் பகுதி பிரிந்து, மடகாஸ்கரையும் சேர்த்துக்கொண்டு வந்து இந்தியாவின் மேற்குக் கரையில் மோதினால் என்ன ஆகும் என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாவ் வான் ஹின்ஸ்பெர்கன் குழு 2021-ல் கணித்தது. 20 கோடி ஆண்டுகளில் அங்கே 'சோமாலயா' என்ற மலைத்தொடர் எழும்பும். மும்பை அதன் அடிவாரத்தில் இருக்கும். மெரைன் டிரைவில் உட்கார்ந்து சூரிய அஸ்தமனம் பார்க்கிறவர்கள் மலையைத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்க யாராவது இருப்பார்களா? இப்போது என் பழைய கணக்குக்கு வருகிறேன்.

பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ஃபார்ன்ஸ்வொர்த் குழு கேட்ட கேள்வி, பாஞ்சியா அல்டிமா உருவானால் அதன் மேல் வெயில் எப்படி இருக்கும் என்பது. மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. முதலாவது, நிலம் எல்லாம் ஒரே துண்டாகிவிட்டால் நடுப்பகுதி கடலிலிருந்து ரொம்பத் தூரம் போய்விடும். சென்னையில் மத்தியானம் கடற்காற்று வந்தால் தப்பித்தோம் என்போம். வேலூருக்குள் போனால் அந்தக் கொடுப்பினை கிடையாது. அதையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இழுத்துப் பாருங்கள். இரண்டாவது, சூரியன் அப்போது இன்றைவிட 2.5 சதவிகிதம் கூடுதலாகப் பிரகாசிக்கும். மூன்றாவது, கண்டங்கள் மோதும்போது எரிமலைகள் அதிகமாகி, காற்றில் கரியமில வாயு ஏறும்.

விளைவு, நிலத்தின் பெரும் பகுதியில் 40 முதல் 50 டிகிரி செல்சியஸ். சில இடங்களில் அதற்கும் மேல். பாலூட்டிகள் வாழக்கூடிய நிலம் மொத்தத்தில் 8 முதல் 16 சதவிகிதம்தான் மிஞ்சலாம் என்கிறது ஆய்வு.

ஏன் குறிப்பாகப் பாலூட்டிகள்? நம் உடம்புக்கு ஒரே சூட்டில் இருந்தாக வேண்டும். குளிரை நாம் சமாளித்திருக்கிறோம், ரோமம் வளர்த்து, கொழுப்பு சேர்த்து, நீண்ட உறக்கம் போட்டு. வெப்பத்தில் அத்தனை வழிகள் இல்லை. நமக்கு இருப்பது வியர்வை. அது ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வை வழியும், ஆனால் காயாது. உள்ளே சூடு தங்கிவிடும். வியர்க்கிறதே என்று நாம் எரிச்சல்படும் மே மாதத்தில், அந்த வியர்வைதான் நம்மை உயிரோடு வைத்திருக்கிறது.

என் தலைப்பில் நான் தவறவிட்டவை இனிமேல்தான். 'மனித இனம்' என்று எழுதினேன். மனிதர்கள் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் போனால் டைனோசர்களே இன்னும் வரவில்லை. அங்கிருந்து இங்கே வருவதற்குள் எத்தனை உயிரினங்கள் வந்து போய்விட்டன! 25 கோடி ஆண்டுகள் கழித்து 'நாம்' என்று யாரைச் சொல்வது? அடுத்து, 'நாள் குறிக்கப்பட்டது' என்றேன். எந்த நாளும் குறிக்கப்படவில்லை. கண்டங்கள் வடக்கே கூடினால் கதை தலைகீழ். 2021-ல் நாசாவின் மைக்கேல் வே உள்ளிட்டவர்கள் வடக்கே கூடும் அமேசியாவைக் கணித்துப் பார்த்தபோது, பனி மூடிய குளிர் உலகம்தான் வந்தது. எந்தக் கடல் மூடுகிறது என்பதைப் பொறுத்து அனலா, பனியா என்பது மாறும்.

இதெல்லாம் வீண் கற்பனை என்று தள்ளவும் முடியவில்லை. ஒருமுறை ஏறக்குறைய இப்படி நடந்திருக்கிறது. சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பாஞ்சியா முழுசாக இருந்த காலத்தில், இன்றைய சைபீரியாவில் எரிமலைகள் பெருமளவு லாவாவைக் கொட்டின. கரியமில வாயு ஏறியது, பூமி சூடானது, கடல் உயிரினங்களில் பத்தில் எட்டுக்கு மேல் அழிந்தன. பூமி கண்டதிலேயே பெரிய அழிவு அது. நிலம் சேர்ந்திருந்ததும் வாயு ஏறியதும் ஒரே சமயத்தில்.

இப்போது நிலம் பிரிந்துதான் இருக்கிறது. வாயு மட்டும் ஏறுகிறது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. எரிமலை தேவைப்படவில்லை, 200 சொச்சம் ஆண்டுகள் போதுமாக இருந்தது. பிரிஸ்டல் ஆய்வு பாஞ்சியா அல்டிமாவில் எதிர்பார்ப்பது 600-க்கு மேல். கண்டங்கள் தங்கள் நக வேகத்தில் அங்கே போகட்டும். நம் வேகம்தான் எனக்கு நெருடுகிறது. 2023-ல் நான் தலைப்பில் வைத்திருக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இதில் பாதியைத்தான் அக்கா மகனிடம் சொன்னேன். அதற்குள் ஃபெவிகால் தடவிக் கண்டங்களை சார்ட்டில் ஒட்டிவிட்டிருந்தான். ஸ்கோட்டிஸின் வரைபடத்தைப் போனில் காட்டினேன், அதைப் பார்த்தே ஒட்டினான். நடுவில் ஒரு ஓட்டை மாதிரி இடம் மிஞ்சியது. எல்லாக் கண்டங்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சின்னக் கடல், இந்தியப் பெருங்கடலில் மிச்சம்.

"இதுக்கு என்ன பேர் எழுதறது சித்தி? பெருங்கடல்னு எழுத முடியாதே!"

யோசித்தோம். கடைசியில் 'இந்தியக் குளம்' என்று நீல ஸ்கெட்ச்சில் எழுதிக்கொண்டு போனான். டீச்சர் என்ன மார்க் போட்டார் என்று இன்னும் தெரியவில்லை.