கணினிக்கு வந்த வேர்நோய்

பால்மரக் காட்டில் வேலை செய்த பெரியவர்களுக்கு வெள்ளை வேர் நோயைத் தெரியாமல் இராது. மண்ணுக்குள் கிடக்கும் பழைய கட்டையிலிருந்து கிளம்பி, வேரோடு வேர் உரசும் இடத்தில் அடுத்த மரத்துக்குத் தாவும். இலை பழுத்து நம் கண்ணில் படுவதற்குள் வேர் போயிருக்கும். கணினியிலும் இப்படியொரு நோய் உண்டு. பிள்ளைகள் 'வைரஸ்' என்கிறார்களே, அதுதான்.

பெயர்தான் கிருமியே தவிர, அது மனிதன் எழுதிய சிறு கட்டளைத் தொகுப்பு. 1987-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெருசலேம் நகரின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஒன்று பிடிபட்டது. ஊர்ப்பெயரே அதற்கும் பெயராயிற்று.

நோய் கண்ட நிரலை ஒருமுறை இயக்கினால் போதும். வைரஸ் கணினியின் நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிறகு இயக்கப்படும் நிரல்களிலெல்லாம் தன் நகலை ஒட்டிவிடும். அந்த நிரலைப் பிளாப்பியில் போட்டு நண்பரிடம் கொடுத்தால், அவர் கணினிக்கும் நோய் போய்ச் சேரும். அரைமணி நேரத்தில் கணினி மந்தமாகும். 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தாலோ, அன்று இயக்கும் நிரல்களை அழித்துவிடும். 1987-ஆம் ஆண்டுக்கு மட்டும் விலக்கு.

அதன் பேராசையே அதைக் காட்டிக்கொடுத்தது. ஒருவகைக் கோப்பில் ஒருமுறைதான் ஒட்டும். சுமார் 1,800 பைட்டு கூடும். இன்னொரு வகையில், முன்பே ஒட்டியதை அறியாமல் திரும்பத் திரும்ப ஒட்டியது. எழுதியவர் செய்த பிழை அது. கோப்புகள் வீங்குவதைக் கண்டு துருவிப் பார்த்தவர்கள், 1988 மே 13 வெள்ளிக்கிழமை வருமுன்பே மாற்று நிரல் எழுதிவிட்டார்கள்.

பிளாப்பி போய்விட்டது, ஏமாற்று போகவில்லை. புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ கல்யாணம் என்றால் முன்பு தாம்பூலத்தோடு வீட்டுக்கு வந்து அழைப்பார்கள். இன்று அழைப்பிதழ் கைப்பேசியில் வருகிறது. அந்தப் பெயரிலேயே 'ஏபிகே' கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வங்கிப் பணத்தைச் சுருட்டியவர்கள் நம் நாட்டில் உண்டு. அது தானாகப் பெருகும் வைரஸ் அல்ல. ஆனால் இரண்டுக்கும் வாசல் ஒன்றே: நம் கை இயக்கினால்தான் உள்ளே வரும்.

ஆகவே தாய்மார்களே, அழைப்பிதழைத் திறக்க எதையாவது நிறுவச் சொன்னால் நிறுத்துங்கள். அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை பேசிக் கேளுங்கள். பணம் போனது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள். மாதமெல்லாம் உழைத்த காசு, ஒரு விரல் தட்டலில் போகக்கூடாது.