பாட அட்டவணையில் இணையப் படிப்புக்கும் இடம் வேண்டும்

இணையவழியில் கல்லூரிப் பாடம் படிக்கப் போகிறவரிடம் நாம் முதலில் கேட்பது, லேப்டாப் இருக்கிறதா, நெட் கிடைக்கிறதா என்பதைத்தான். அரசும் அப்படித்தான் யோசிக்கிறது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்ற அறிவிப்பு வந்தது. இரண்டும் தேவைதான். ஆனால் கருவி கைக்கு வந்ததும் மாணவர் தயாராகிவிட்டார் என்று கணக்கை முடித்துவிடுகிறோம், கோளாறு அங்கேதான். இணையப் படிப்புக்கு முதல் ஆயத்தம் நேரமும் இடமும். அவற்றை ஏற்பாடு செய்ய வேண்டியது கல்லூரி.

செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போகிறவருக்குச் சொந்தமாகக் கிடைக்கும் நேரம் அந்தப் பயணம்தான். கூட்ட நேரத்தில் ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் போன். விரிவுரையைக் காதில் வாங்கலாம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க முடியாது. மாமல்லபுரத்தில் சிக்கல் வேறு மாதிரி. கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சங்கு, மணி, சிறு கற்சிலை விற்கும் கடைகளுக்கு வியாபாரமே சனி, ஞாயிறுதான். கடைக்காரர் வீட்டுக் கல்லூரிப் பிள்ளை அன்று கல்லாவில் இருந்தாக வேண்டும். ‘ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடு’ என்ற அறிவுரை அங்கே எடுபடாது.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ‘ஸ்வயம்’ இணையப் பாடத் தளத்தில் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் விதி செய்தது. அதில் ஐஐடிகள் நடத்தும் ‘என்பிடெல்’ பாடங்களில் வாராவாரம் தரும் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண். மீதி 75, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. ஆக, கடைசி வாரத்தில் விழுந்தடித்துப் படித்துத் தப்பிக்க வழியில்லை. தனியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டிலேயே சான்று உண்டு. எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான கட்டுரைப்படி, 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் 46 சதவீதம். சும்மா எட்டிப் பார்த்தவர்களும் முதல் கணக்கில் உண்டு என்பது சரிதான். ஆனால் காசு கட்டி உறுதியோடு வந்தவர்களிலும் பாதிக்கு மேல் நின்றுவிட்டார்களே!

‘படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும், திட்டம் போடக் கற்றுக்கொடுத்தால் போதும்’ என்பார்கள். அதையும் சோதித்துவிட்டார்கள். இரண்டரை லட்சம் பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது: எப்போது, எங்கே படிப்பேன் என்று முன்கூட்டியே எழுதவைத்ததால் முதல் சில வாரங்களில் கொஞ்சம் பலன் தெரிந்தது, பாடத்தை முடித்தவர்களின் எண்ணிக்கை சொல்லும்படி கூடவில்லை. ஆக, நேரத்தையும் இடத்தையும் கல்லூரியே தர வேண்டும். மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியைப் பாருங்கள். உளி பிடிக்க இணையத்தில் கற்றுத்தர முடியாது என்பதல்ல நான் சொல்ல வருவது. பட்டறையையும் நேரத்தையும் நீயே தேடிக்கொள் என்று அங்கே யாரும் மாணவரிடம் சொல்வதில்லை. இணையத்தில் படிப்பவரிடம் மட்டும் சொல்கிறோம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களை குறித்த நேரத்தில் வரச் சொன்னால் இணையப் படிப்பின் வசதியே போய்விடாதா என்ற கேள்வி நியாயமானது. அவர்களுக்கு சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பின் முறை பொருந்தும்: நான்கு வாரப் பாடம், பயிற்சிகள், பிறகு நேரடித் தகுதித் தேர்வு. அதில் தேறினால்தான் சேர்க்கை. தன்னால் நேரம் ஒதுக்க முடியுமா என்பது முழுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். கல்லூரியில் படிப்பவர்களுக்கோ வேறு வழி வேண்டும். வாரத்தில் இரண்டு பீரியட், கம்ப்யூட்டர் லேப், சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியர் — மூன்றும் அட்டவணையில் அச்சாக வேண்டும். செலவு என்று கை விரிக்க முடியாது. பல கல்லூரிகளில் லேப் ஏற்கெனவே இருக்கிறது, மாலையில் பூட்டிக் கிடக்கிறது. என்பிடெல் உள்ளூர்க் கிளை உள்ள கல்லூரிகளில் வழிகாட்டி ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் இதற்குத் தரும் நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்த்தாலே பாதி வேலை முடிந்தது. அதற்கும் இடமில்லை என்று சொல்லும் கல்லூரி, 40 சதவீதப் பாடங்களை இணையத்துக்குத் தள்ளக் கூடாது.