கூண்டுக்குள்ளும் நிழல் வேண்டும்

கிளி வளர்ப்போர் அனைவரும் "ஆசையாய் வளர்க்கிறோம்" என்றே சொல்கின்றனர். ஆசை மட்டும் போதுமா என்பதே என் கேள்வி.

சென்ற கோடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரு கூண்டு தொங்கியது. அதில் இரண்டு பட்ஜெரிகர்கள். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் அவையும் கிளி இனமே. கத்திரி வெயில் நாளொன்றில் தினையும் தண்ணீரும் வைத்துவிட்டு ஒரு திருமணத்திற்குச் சென்றோம். மாலையில் திரும்பியபோது ஒன்று இறந்து கிடந்தது. மற்றொன்று அலகைத் திறந்து, சிறகுகளை உடலிலிருந்து விலக்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தினைக் கிண்ணமோ நிறைந்தே இருந்தது!

"ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவைதானே, வெயிலைத் தாங்காதா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே அது நண்பகலில் மரநிழலில் ஒடுங்கிக் கொள்ளும். தண்ணீரைத் தேடி நெடுந்தூரம் பறக்கும். கூண்டில் அடைத்த அன்றே அந்த உரிமையை நாம் பறித்துவிட்டோம். பறித்தவர்களே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. மூச்சின் வழியே ஈரத்தை ஆவியாக்கித்தான் அவை பெரும்பாலும் சூட்டைத் தணித்துக் கொள்கின்றன. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் அதுவும் கடினமாகிறது. ஆகவே சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் வெப்பமானியை மட்டும் நம்பியிருத்தல் தவறு. பொதுவாக 18 முதல் 29 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமும் வீட்டுக் கிளிகளுக்கு ஏற்றவை. வேலூர் போன்ற ஊர்களில் கோடைக்காற்று வறண்டு போகும்போது, குளிக்க அகன்ற கிண்ணத்தில் நீர் வைக்கலாம். மழைக்காலத்தில் தினையில் பூஞ்சை பிடிக்காமல் அடிக்கடி மாற்ற வேண்டும். ஊட்டிக் குளிரில் இரவில் கூண்டின் மூன்று பக்கமும் துணியால் மூடலாம். எங்கும் திடீர் மாற்றமே பெருங்கேடு. குளிர்சாதனப் பெட்டியின் காற்று நேரே படும் இடமும், அடுப்பின் அருகும் ஆகா.

இவற்றுக்கெல்லாம் பெருஞ்செலவு ஆகுமோ? ஆகாது. இன்று எங்கள் கூண்டு கூடத்தில், காற்று வரும் சன்னலுக்குச் சற்றுத் தள்ளி, வெயில் படாத மூலையில் இருக்கிறது. அதற்கு ஒரு ஆணி மட்டுமே தேவைப்பட்டது. அந்த ஆணியை ஒரு நாள் முன்னதாக அடித்திருந்தால் இரண்டு பறவைகளும் இருந்திருக்கும்.

நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அது தன் மரத்திலேயே தன் நிழலைத் தேடிக்கொள்ளட்டும். கடையில் கிடைக்கும் அயல்நாட்டுப் பறவைக்கோ நம்மைத் தவிர வேறு கதியில்லை.

அன்புத் தோழியரே! கிளி வாங்க ஆசைப்பட்டால், விலையைக் கேட்கும் முன் கூண்டை எங்கே வைக்கப் போகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மே மாத நண்பகலில் அந்த இடத்தில் நீங்களே ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள். உங்களால் இருக்க முடியவில்லை என்றால், அந்தக் கிளியை வாங்காதீர்கள்.