சிரசு நிமிர்ந்த நடை

கனடாவின் பிறம்ரன் நகரிலே, ஒருகாலத்தில் மணலும் சரளைக்கல்லும் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குழியாயிருந்து, பின்னர் நீர் நிறைந்து புரொபசர்ஸ் லேக் என்று பெயர்பெற்ற ஏரியின் கரையில், கோடைகால மாலைகளில் நம்மவர் குடும்பத்தோடு நடந்து செல்லக் காண்பது மனத்துக்கு நிறைவளிக்கின்றது. ஆயினும், கால்கள் முன்னே செல்ல, கண்கள் கைத்தொலைபேசியிலேயே பதிந்திருக்க, முகவாய் நெஞ்சைத் தொடுமளவுக்குத் தலை கவிழ்ந்து செல்வோரைக் காணும்போது, இதயமும் கால்களும் பெறுகின்ற இந்த அப்பியாசத்தின் பயன் கழுத்துக்கு மட்டும் கிட்டாமற் போகின்றதே என்ற வருத்தம் உண்டாகின்றது.

மனிதனுடைய சிரசு ஏறக்குறைய 5 கிலோகிராம் எடையுள்ளது. அது தோள்களுக்கு நேர்மேலே நிற்கும்வரை முதுகெலும்பு அதனை எளிதாகத் தாங்குகின்றது. முன்னே சாய்ந்துவிட்டாலோ, பிடரித் தசைகள் அதனைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கும் ஓயாத பிரயாசையில் அகப்பட்டுக்கொள்கின்றன. 60 பாகை குனியும்போது கழுத்தின்மீது விழும் விசை 27 கிலோகிராமுக்கு ஒப்பானது என்று அமெரிக்க முதுகெலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் கணித்துக் காட்டினார். நெடுந்தூரம் பாரவண்டி ஓட்டுவோரும், பண்டகசாலைகளில் பெட்டி அடுக்குவோரும், கணினியின் முன்னே பகலைக் கழிப்போரும் இவ்விதம் குனிந்தே நாளை ஓட்டுகின்றனர். மாரிகாலத்திலோ, குளிர்காற்றுக்கு அஞ்சித் தோள்களைக் காதுவரை உயர்த்தி, வழுக்கும் நிலத்தையே பார்த்து நடக்கும் வழக்கமும் வந்து சேர்ந்துகொள்கின்றது.

என் சிறுபிராயத்தில், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே, விடியற்பொழுதில் சும்மாட்டின்மேல் கடகத்தை ஏற்றிச் சந்தைக்குச் செல்லும் பெண்களை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். கைகளிரண்டையும் வீசி, ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே அவர்கள் விரைந்தாலும், கடகத்தின் விளிம்பிலிருந்த கத்தரிக்காய் ஒன்றேனும் உருண்டு விழுந்ததில்லை. அந்தச் சுமையைப் புகழ்வது என் கருத்தன்று. அது எத்தனையோ உடல்களைத் தேய்த்திருக்கும். அவர்களிடம் நாம் கற்கவேண்டியது பார்வையின் நேர்மையே. கண் எங்கே செல்கின்றதோ, சிரசும் அங்கே செல்கின்றது.

ஆதலால், நடக்கப் புறப்படும்போது கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, தூரத்து மரமொன்றில் பார்வையை நிறுத்தி, முகவாயைச் சற்றே உள்ளிழுத்து, கைகளைத் தாராளமாக வீசி நடப்போமாக. கைகள் வீசும்போது உடற்பகுதி மெல்லத் திரும்பி, இறுகிக் கிடக்கும் மேல்முதுகு இளகுகின்றது. மேல்முதுகு நிமிர்ந்தாலன்றிக் கழுத்து நிமிர்வதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடல் உழைக்கவேண்டும், அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலத்தை மிஞ்சலாகாது என்று 2020இல் வெளியான கனேடிய நெறிமுறைகள் கூறுகின்றன; நாளைக்கு அரைமணியாக ஐந்து நாள் நடந்தால் அந்த 150 நிமிடமும் நிறைந்துவிடும். பனி கொட்டும் மாதங்களில் பிரமலியா சிற்றி சென்ரர் என்ற பேரங்காடியின் நீண்ட உட்பாதைகள் இருக்கின்றன. அங்கே வழுக்குமென்ற அச்சமின்றித் தலை நிமிர்ந்து நடக்கலாம். நடை ஒன்றே சகல கழுத்து நோய்க்கும் மருந்தாகிவிடாது; கையில் விறைப்போ பலவீனமோ தோன்றுவோர் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும்.

தலை தாழ்த்தவேண்டிய தருணமும் உண்டு. பிறம்ரனின் சிங்குவாகூசி பூங்காவில் 2025 மே 10ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட தமிழின அழிப்பு நினைவுத்தூபியின் முன்னே நாம் தலை தாழ்த்தி நிற்கிறோம். தாழ்த்தத் தகுந்த இடம் அது. அஞ்சலி முடிந்து, பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு பூங்காவின் பாதையில் திரும்பும்போது, நாம் நிமிர்ந்து நடப்போமாயின், யாரும் சொல்லிக்கொடாமலே அந்தப் பிள்ளையும் நிமிர்ந்து நடக்கும்.