பட்டினி வைத்தியம் போதும்

நான் வளர்ந்தது மாரிக்குப்பம் லைன் வீட்டில். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் பட்டினி போடுவதே அன்று வைத்தியம். என் தம்பி மாதம் ஒருமுறை படுப்பான். எழுந்த பிறகும் அரைவயிறுதான். அவனைவிட இளையவனான பக்கத்து வீட்டுப் பையன் உயரத்தில் அவனை முந்திவிட்டான்.

1971இல் வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் கொடுத்த உப்பு, குளுக்கோஸ் நீர் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் வளர்த்திக்குச் சோறு வேண்டும். தாமதமான ரயிலை டிரைவர் வேகம் கூட்டி ஓட்டுவார், நிலக்கரி வேண்டாமா? தாய்ப்பாலை நிறுத்தாமல், போக்கு நின்றபின் இரண்டு வாரம் தினம் ஒருவேளை கூடுதலாக ஊட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2001இல் சுரங்கம் மூடியபின் தாய்மார் பலர் விடியலிலேயே பெங்களூர் ரயில் ஏறுகிறார்கள்; பிள்ளைக்கு ஊட்டுவது பாட்டி. நம் சங்கம் முதலில் பாட்டிமாரை அழைத்துப் பேசட்டும்.